பெரிய டைரக்டரியும் பாதியில் நிற்கும் பட்டியலும்

என்எஃப்எஸ் வழியாக மவுண்ட் செய்த ஒரு டைரக்டரியில் சில ஆயிரம் கோப்புகள் இருக்கும் வரை அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அதே டைரக்டரி லட்சங்களைத் தொட்டதும் விசித்திரமான புகார்கள் வரத் தொடங்கும். எல்எஸ் கட்டளை கொடுத்தால் திரை அப்படியே நிற்கிறது. இரவு ஓடும் பேக்கப் விடிந்த பிறகும் முடியவில்லை. லாகைத் திறந்தால் ஒரே கோப்புப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிம்பாலிக் லிங்க் ஒன்றுகூட இல்லாத இடத்தில் ‘டூ மெனி லெவல்ஸ் ஆஃப் சிம்பாலிக் லிங்க்ஸ்’ என்ற பிழைச் செய்தி வருகிறது. உடனே எல்லோர் கையும் கேபிள், ஸ்விட்ச், ஃபயர்வால் பக்கம் போகிறது. பெரிய டைரக்டரியில் மட்டும் தலைகாட்டும் பிழைக்கு நெட்வொர்க் காரணமாக இருப்பது அரிது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். பட்டியல் துண்டு துண்டாகத்தான் வருகிறது. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் மூட்டில்தான் பெரும்பாலான கோளாறு இருக்கிறது. நெட்வொர்க்கை ஒதுக்கிவிட ஒரு சிறு சோதனை போதும். அதே மவுண்டில் உள்ள சிறிய டைரக்டரி ஒன்றைப் பட்டியலிடுங்கள்; சமீபத்தில் யாரும் திறக்காத பெரிய கோப்பு ஒன்றை முழுதாகப் படித்துப் பாருங்கள். ஜம்போ ஃபிரேம் அமைப்பு ஒரு முனையில் மட்டும் மாறியிருந்தால் சிறிய பதில்கள் வந்து சேரும், பெரியவை வழியில் தொலையும். பெரிய கோப்பைப் படிக்கச் சொல்வது அதற்காகத்தான். இரண்டும் தடங்கலின்றி நடந்தால் கேபிளை விட்டுவிட்டு மூட்டைப் பார்க்கலாம்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோது எடுத்த ஒரு முடிவு இதற்கெல்லாம் அடிப்படை. எந்தக் கிளையன்ட் எதுவரை படித்தது என்பதைச் சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளாது. சர்வர் விழுந்து எழுந்தாலும் கிளையன்ட் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள், நல்ல முடிவுதான். பதிப்பு 4 வந்தபோது கோப்பைத் திறப்பது, பூட்டுவது போன்றவற்றுக்குச் சர்வர் நினைவு வைக்கத் தொடங்கியது. டைரக்டரி வாசிப்பு மட்டும் பழைய வழியிலேயே தங்கிவிட்டது. கிளையன்ட் ‘ரீட்டிர்’ என்ற கோரிக்கையை அனுப்புகிறது. ஒரு பதிலில் கொள்ளும் அளவுக்குச் சர்வர் பெயர்களைத் தருகிறது. ஒவ்வொரு பெயரோடும் ‘குக்கி’ என்ற ஓர் எண்ணும் வருகிறது. புத்தகத்தில் வைக்கும் பக்க அடையாளத்தின் வேலைதான் அதற்கு. அடுத்த கோரிக்கையில் கிளையன்ட் கடைசிக் குக்கியைத் திருப்பிக் காட்டி, அதற்குப் பிறகு உள்ளவற்றைக் கேட்கிறது. அந்த எண்ணை உருவாக்குவது சர்வரில் உள்ள கோப்பு முறைமை. அதன் உட்பொருள் கிளையன்டுக்குத் தெரியாது. அப்படியானால் அந்த எண் இரண்டு நிபந்தனைகளை நிறைவேற்றியாக வேண்டும். ஒரு டைரக்டரியில் ஒரே எண் இரண்டு இடங்களைக் காட்டக் கூடாது. நடுவில் கோப்புகள் சேர்ந்தாலும் போனாலும் அந்த எண் அதே இடத்தைக் காட்ட வேண்டும். சில நூறு பெயர்கள் ஒரே பதிலில் அடங்கிவிடும்போது மூட்டே இல்லை. எனவே இந்த நிபந்தனைகளுக்கும் வேலை இல்லை. சிறிய டைரக்டரியில் இந்தப் பிழைகள் தென்படாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

முதல் நிபந்தனை எப்படி உடைந்தது என்பதற்கு லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை நல்ல சான்று. பெரிய டைரக்டரியில் பெயரை வேகமாகத் தேடுவதற்காக ஈஎக்ஸ்டி3-உம் ஈஎக்ஸ்டி4-உம் பெயர்களை ஹாஷ் செய்து, அந்த ஹாஷ் வரிசையில் மரமாக அடுக்குகின்றன. குக்கியாகவும் அந்த ஹாஷையே தந்தன. 32 பிட் எண். அதிலும் பயன்பட்டது 31 பிட்தான். இருநூறு கோடிக்கு மேல் வெவ்வேறு மதிப்புகள் இருக்கும்போது இரண்டு பெயர்கள் ஏன் மோதப் போகின்றன என்று தோன்றும். கணக்குப் போட்டால் படம் மாறுகிறது. சுமார் 55,000 கோப்புகள் வந்ததுமே ஏதோ ஒரு ஜோடியாவது ஒரே ஹாஷ் பெறுவதற்கு 50 சதவீத வாய்ப்பு. 10 லட்சம் கோப்புகளில் சராசரியாக 230-க்கு மேற்பட்ட ஜோடிகள் மோதும். ஆனால் மோதல் மட்டுமே பிழையாகிவிடாது. மோதும் இரண்டு பெயர்களும் ஒரே பதிலுக்குள் வந்தால் எதுவும் நடக்காது. அவற்றுக்கு நடுவே மூட்டு விழுந்தால்தான் ஆபத்து. அப்போது கிளையன்ட் காட்டும் எண் இரண்டு பெயர்களுக்கும் பொது என்பதால் சர்வர் முதல் பெயரிலிருந்தே மறுபடி தொடங்குகிறது. கிளையன்ட் தன் கேஷில் அந்தக் குக்கியைத் தேடினால் பழைய இடமே அகப்படுகிறது. அங்கிருந்து பட்டியல் சுற்றத் தொடங்கும். அது முடிவதே இல்லை.

இந்தப் பிழை ஒரு நாள் வந்து மறுநாள் மறைவதற்குக் காரணமும் இதே கணக்கில் இருக்கிறது. ஒரு பதிலில் 600 பெயர்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட ஜோடியின் நடுவே மூட்டு விழ 600-இல் ஒரு வாய்ப்பு. 233 ஜோடிகள் இருந்தால், அந்த டைரக்டரி சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பட்டியலின் முன்பகுதியில் நாலு கோப்பு சேர்ந்தால்கூட மூட்டுகள் எல்லாம் நகர்ந்துவிடும். ‘ரீமவுண்ட் செய்தோம், சரியாகிவிட்டது, ஆகவே அது தற்காலிக நெட்வொர்க் பிரச்சினைதான்’ என்ற வாதத்தை ஏற்க முடியாதது இதனால்தான். ரீமவுண்டுக்கும் மறு பட்டியலுக்கும் இடையே டைரக்டரியில் கோப்புகள் கூடியோ குறைந்தோ இருக்கும். மூட்டு வேறு இடத்துக்குப் போயிருக்கும். மோதிய ஜோடி அங்கேயேதான் இருக்கிறது. வெறும் எல்எஸ் ஓடி முடிந்து, நீண்ட பட்டியல் கேட்கும் எல்எஸ் மைனஸ் எல் மட்டும் சிக்கிக்கொள்ளும் விசித்திரமும் இதே இனம். பதிப்பு 3-இல் வந்த ரீட்டிர்பிளஸ் கோரிக்கை, பெயரோடு கோப்பின் அளவு, உரிமை, தேதி, ஃபைல் ஹேண்டில் எல்லாவற்றையும் சேர்த்துத் தருகிறது. ஒவ்வொரு பெயருக்கும் கூடுதல் இடம் பிடிக்கிறது. ஒரு பதிலில் குறைவான பெயர்களே அடங்குகின்றன. மூட்டுகள் வேறு இடங்களில் விழுகின்றன. நெட்வொர்க் கோளாறு என்றால் ஒரு கட்டளையை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்க அதற்குக் காரணம் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான ஆட்சேபம் வேறு. சர்வரிலேயே உட்கார்ந்து அதே டைரக்டரியைப் பட்டியலிட்டால் ஒரு குறையும் இல்லாமல் வருகிறதே, பிறகு கோப்பு முறைமையைக் குறை சொல்வது எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சர்வரில் ஓடும் எல்எஸ் டைரக்டரியை ஒருமுறை திறந்து, முடியும் வரை திறந்தே வைத்திருக்கிறது. எதுவரை கொடுத்தோம், மோதிய பெயர்களில் எது பாக்கி என்பதையெல்லாம் ஈஎக்ஸ்டி4 அந்தத் திறந்த நிலையோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. லினக்ஸின் என்எஃப்எஸ் சர்வரோ ஒவ்வொரு ரீட்டிர் கோரிக்கைக்கும் டைரக்டரியைப் புதிதாகத் திறந்து, குக்கி காட்டும் இடத்துக்குப் போய், படித்துவிட்டு மூடிவிடுகிறது. கைவசம் இருப்பது அந்த ஓர் எண் மட்டுமே. ஆகவே உள்ளே சரியாக வருவதும் வெளியே சுற்றுவதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. குக்கியில்தான் பிழை என்பதை அவை இரண்டும் சேர்ந்து உறுதிப்படுத்துகின்றன.

சந்தேகம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கிளையன்டின் கெர்னல் லாக். 2011-இல் லினக்ஸ் கிளையன்டில் இந்தச் சுழலைக் கண்டுபிடிக்கும் வசதி சேர்ந்தது. சுழல் தெரிந்ததும் டைரக்டரியின் பெயர், ‘ரீட்டிர் லூப்’ இருக்கிறது என்ற தகவல், எந்தக் கோப்பின் குக்கி இரண்டாம் முறை வந்தது என்பது, அந்த எண் எல்லாம் ஒரே வரியில் பதிவாகும். சர்வர் விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும் என்றும் அதே வரி சொல்லும். தவறு எந்தப் பக்கம் என்பதை அதை எழுதியவர்கள் நேராகவே சொல்லிவிட்டார்கள். நிரலுக்கு அப்போது போகும் பிழைக் குறியீடுதான் திரையில் சிம்பாலிக் லிங்க் செய்தியாக மாறுகிறது. லிங்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. வாசிப்புக்கு நடுவே டைரக்டரி மாறினாலும் தொடக்கப் பதிப்புகள் சில இதே எச்சரிக்கையைத் தவறாக எழுப்பின. அதே ஆண்டில் அது திருத்தப்பட்டது. லாகில் எதுவும் இல்லாவிட்டால் இன்னொரு சோதனை உண்டு. ஒரு டைரக்டரியில் ஒரே பெயர் இரண்டு முறை இருக்கவே முடியாது. எல்எஸ்ஸுக்கு சின்ன எஃப் என்ற விருப்பத்தைக் கொடுத்து, வரிசைப்படுத்தாத பட்டியலை ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். அதை சார்ட் கட்டளைக்கும், பிறகு இரட்டிப்பு வரிகளை மட்டும் காட்டும் யூனிக் மைனஸ் டி-க்கும் கொடுங்கள். ஒரே ஒரு வரி வந்தாலும் மூட்டு உடைந்திருக்கிறது. பட்டியல் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தால் சில நிமிடம் விட்டு நிறுத்தி, கிடைத்தவரை சோதித்தாலே போதும். இரட்டிப்பு இல்லை, ஆனால் பெயர் விடுபடுகிறது என்ற ஐயம் இருந்தால், யாரும் எழுதாத நேரத்தில் சர்வரிலும் கிளையன்டிலும் எண்ணிக்கையை எடுத்து ஒப்பிடுங்கள். எழுத்து நடந்துகொண்டிருக்கும்போது எடுக்கும் எண்ணிக்கையை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

மோதல்தான் காரணம் என்று உறுதியானால், அப்போதைக்குத் தப்பிக்க எளிய வழி ஒன்று: லாகில் பெயர் வந்த கோப்பைச் சர்வரிலிருந்தே வேறு டைரக்டரிக்கு நகர்த்துங்கள், அல்லது பெயரை மாற்றுங்கள். பெயர் மாறினால் ஹாஷ் மாறும், பட்டியல் ஓடும். அடுத்த மோதல் வரும் வரைதான் அந்த நிம்மதி. ஹாஷ் மரத்தை இயக்கும் டிர்-இண்டெக்ஸ் வசதியை அணைத்துவிடச் சொல்லும் பழைய ஆலோசனையைப் பின்பற்ற வேண்டாம் என்பேன். பெயர் தேடுவதற்கு முழு டைரக்டரியையும் முதலிலிருந்து படிக்கும் நிலை வரும், லட்சக்கணக்கான கோப்புகளில் அது இருக்கும் நோயைவிடக் கொடியது. சரியான தீர்வு 2012 மே மாதம் வெளியான லினக்ஸ் 3.4-இல் வந்தது. என்எஃப்எஸ் பதிப்பு 3-உம் அதற்கு மேலும் 64 பிட் குக்கியை அனுமதிப்பதால், ஈஎக்ஸ்டி4 இப்போது ஹாஷின் இரண்டாம் பகுதியையும் சேர்த்து நீண்ட எண்ணாகத் தருகிறது. பதிப்பு 2-இல் வரும் கோரிக்கைக்கு மட்டும் பழைய குறுகிய எண்தான்; அந்த நெறிமுறையில் குக்கிக்கு 32 பிட்டுக்கு மேல் இடமே இல்லை. ஆகவே பழைய கருவி ஏதாவது இன்னும் பதிப்பு 2-இல் மவுண்ட் செய்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இந்தத் திருத்தமும் சேதமில்லாமல் வரவில்லை. குக்கியின் மேல் பாதி காலியாக இருக்கும் என்று நம்பி அதில் தன் சொந்தத் தகவலை வைத்திருந்த கிளஸ்டர்எஃப்எஸ் என்ற பகிர்வுக் கோப்பு முறைமை இதனால் உடைந்தது. 2013-இல் அது பெரிய சர்ச்சையாயிற்று. என்எஃப்எஸ் சர்வருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வேறொரு அடுக்கு இருந்தால் குக்கியை அது என்ன செய்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம். ஈஎக்ஸ்டி4-க்குப் பதிலாக எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால், குக்கி டைரக்டரிக்குள் அந்தப் பதிவு இருக்கும் இடத்திலிருந்து வருகிறது. இரண்டு பதிவுகள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பதால் ஹாஷ் மோதல் என்ற கேள்வியே இல்லை.

பட்டியல் சுற்றவில்லை, ஆனால் யுகமாகிறது என்றால் அது வேறு நோய்; மருந்தும் வேறு. எல்எஸ் எல்லாப் பெயர்களையும் வாங்கி வரிசைப்படுத்திய பிறகே முதல் வரியை அச்சிடும்; அதனால் உறைந்தது போலத் தெரியும். பல லினக்ஸ் வகைகளில் எல்எஸ்ஸுக்கு நிறம் காட்டும் விருப்பம் தானாகவே சேர்ந்திருக்கும். நிறம் தீர்மானிக்க ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் கேட்கும். சின்ன எஃப் விருப்பத்தைக் கொடுத்து நிறத்தையும் அணைத்துவிட்டால் இரண்டும் தவிர்க்கப்படும். அதில் உடனே பெயர்கள் கொட்டினால் டைரக்டரி வாசிப்பில் குற்றமில்லை. இன்னும் துல்லியமாகத் தெரிய, ப்ராக் அடைவில் உள்ள மவுண்ட்ஸ்டாட்ஸ் கோப்பைக் கட்டளைக்கு முன்னும் பின்னும் படியுங்கள். அதில் ஒவ்வொரு வகைக் கோரிக்கையும் எத்தனை முறை போனது என்ற எண் இருக்கிறது. ரீட்டிர் சில ஆயிரம், கெட்அட்டர் அல்லது லுக்அப் லட்சக்கணக்கில் என்றால் நேரம் விவரம் கேட்பதில் போகிறது. ரீட்டிர்பிளஸ் எண்ணிக்கைக்கு ஏற்றபடி இருந்து, ஒவ்வொரு பதிலும் தாமதமாக வந்தால் சர்வரின் டிஸ்க்கைப் பாருங்கள். பெயர்கள் ஹாஷ் வரிசையில் வருவதால், கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடுகளை டிஸ்க்கின் மூலைக்கு மூலை தாவிப் படிக்க வேண்டியிருக்கிறது. பெயர் மட்டும் போதுமான வேலைக்கு நோ-ஆர்டிர்பிளஸ் என்ற மவுண்ட் விருப்பம் உதவும். நீண்ட பட்டியல் அடிக்கடி கேட்கும் இடத்தில் அதையே போட்டால் ஒவ்வொரு கோப்புக்கும் தனிக் கோரிக்கை போய் நிலைமை மோசமாகும். ரீட்டிர் எண்ணிக்கையே பெயர்களின் எண்ணிக்கைக்குப் பொருந்தாமல் மிகுந்திருந்தால், வாசிக்கும்போதே யாரோ அந்த டைரக்டரியில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பழைய லினக்ஸ் கிளையன்டுகளில், டைரக்டரி மாறியது தெரிந்ததும் கேஷ் கலைந்து, விட்ட இடத்தைப் பிடிக்க முதலிலிருந்து மறுபடி வாங்க வேண்டியிருந்தது. பட்டியல் நீள நீள இந்த மறுவாசிப்பும் பெருகும். 2022-இல் வந்த கெர்னல் 5.18 இந்தப் பகுதியைப் புதிதாக அமைத்தது. இத்தகைய இடத்தில் கிளையன்ட் கெர்னலை மாற்றுவதுதான் பலன் தரும். சர்வரில் நினைவகம் கூட்டுவது அல்ல.

வேறு சில பிழைகள் இந்தக் கூட்டத்தில் கலந்து நின்று குழப்பும். நட்சத்திரக் குறியிட்டு அழிக்கும்போது ‘ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்’ வந்தால் அதற்கும் என்எஃப்எஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை. ஷெல் விரித்த பெயர்ப் பட்டியல் கெர்னலின் எல்லையைத் தாண்டியது, அவ்வளவே. ஃபைண்ட் கட்டளையால் அழியுங்கள். டிஸ்க்கில் இடமும் ஐநோடும் மிச்சமிருக்கும்போதே ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ வந்தால் சர்வரின் கெர்னல் லாகில் டைரக்டரி இண்டெக்ஸ் நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள். ஈஎக்ஸ்டி4-இன் வழக்கமான மரம் இரண்டு நிலைகளோடு நின்றுவிடும். சுமார் 1 கோடிப் பெயர்களில் அது முட்டும். லினக்ஸ் 4.13-இல் வந்த லார்ஜ்-டிர் வசதி இன்னொரு நிலையைச் சேர்க்கிறது. இயக்கிய பிறகு அதை அணைக்க முடியாது என்பதை மனதில் வைத்துச் செய்யுங்கள். ‘டைரக்டரி நாட் எம்ப்டி’ வந்தால் புள்ளி-என்எஃப்எஸ் என்று தொடங்கும் மறைகோப்புகள் கிடக்கின்றனவா பாருங்கள்; கிளையன்டில் ஏதோ நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் அது அப்படிப் பெயர் மாறி நிற்கும், நிரல் மூடியதும் போய்விடும். சாஃப்ட் முறையில் மவுண்ட் செய்திருந்தால், மெதுவான சர்வரின் தாமதமே ‘இன்புட் அவுட்புட் எரர்’ ஆக மாறிவிடும். எழுத்து நடக்கும் இடத்தில் ஹார்ட் முறைதான் பாதுகாப்பு. பட்டியலில் வந்த கோப்பைத் திறக்கப் போனால் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்றோ அப்படி ஒன்று இல்லை என்றோ வருவது பெரும்பாலும் பிழையே அல்ல. பட்டியல் எடுக்கவே நிமிடக்கணக்கில் ஆகும் டைரக்டரியில், அதற்குள் யாராவது அந்தக் கோப்பை அழித்திருப்பார்கள். நிரல் அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போக வேண்டும்.

64 பிட் குக்கி வந்துவிட்டது, புதிய கெர்னலும் இருக்கிறது. இனி டைரக்டரி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். மோதல் பிழைக்கு அந்தப் பதில் சரி. ஆனால் ஐநோடு தாவல் அப்படியே இருக்கிறது. பட்டியலுக்கும் உண்மை நிலைக்கும் இடையே விழும் நேர இடைவெளி இருக்கிறது. இரண்டு நிலை மரத்தின் எல்லை இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் எல்லாக் கிளையன்டுகளையும் ஒரே நாளில் புதுக் கெர்னலுக்கு மாற்றவும் முடியாது. ஆகவே டைரக்டரியைப் பிரிப்பதே நிலையான வழி என்பது என் தீர்மானமான கருத்து. எவ்வளவுக்குப் பிரிப்பது என்பதற்கு மேலே போட்ட கணக்கே வழிகாட்டும்: ஒரு டைரக்டரியில் 10,000 பெயர்கள் என்றால் பழைய 31 பிட் ஹாஷிலும் ஒரு மோதல் வரும் வாய்ப்பு 2 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அதன் நடுவே மூட்டும் விழ வேண்டும். அந்த அளவை இலக்காக வைக்கலாம். கிட் தன் ஆப்ஜெக்ட்களை ஹாஷின் முதல் இரண்டு எழுத்தை வைத்து 256 துணை டைரக்டரிகளில் போடுகிறது. அதே முறை 25 லட்சம் கோப்புகள் வரை நமக்கும் போதும். 1 கோடிக் கோப்பு என்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 39,000 வரும். இன்னொரு நிலை வேண்டும். ஆனால் இரண்டாம் நிலையிலும் 256 வைத்தால் 65,536 டைரக்டரிகளில் தலா 150 கோப்பு என்றாகி, முழுவதையும் நடந்து பார்க்கும் பேக்கப்புக்கு அது வேறு விதமான சுமை. இரண்டாம் நிலைக்கு 16 போதும். தலா 2,400-க்குச் சற்று மேல் வரும். தேதி வாரியாகப் பிரிப்பது பழையதை மொத்தமாக அழிக்க மிக வசதி. ஒரு நாளில் வரும் கோப்புகளே லட்சத்தைத் தாண்டினால் தேதிக்குள்ளும் ஹாஷ் வேண்டும்.

நிரலை மாற்ற முடியாது என்ற ஆட்சேபம்தான் நடைமுறையில் அதிகம் வரும். பெரும்பாலும் மாற்ற வேண்டியது பெயரிலிருந்து பாதையைக் கண்டுபிடிக்கும் ஓர் இடம் மட்டுமே. எழுதுவது புதிய அமைப்பில், படிப்பது முதலில் புதியதில், இல்லாவிட்டால் பழையதில் என்று மாற்றிவிட்டால், பழைய கோப்புகளை நிதானமாக நகர்த்தலாம். நகர்த்தும் வேலையைச் சர்வரிலேயே, ஒரே கோப்பு முறைமைக்குள் செய்யுங்கள். அப்போது தரவு நகலெடுக்கப்படாது, பெயர் மட்டும் மாறும். புதிய துணை டைரக்டரிகளைப் பழைய டைரக்டரிக்குள்ளேயே அமைக்காதீர்கள். ஈஎக்ஸ்டி4-இல் ஒருமுறை வீங்கிய டைரக்டரி, கோப்புகள் போன பிறகும் பொதுவாகச் சுருங்குவதில்லை. எல்எஸ் மைனஸ் எல்டி கொடுத்தால் காலி டைரக்டரியின் அளவே பல மெகாபைட் காட்டும், அதைப் பட்டியலிட அத்தனை காலிப் பிளாக்குகளையும் படித்தாக வேண்டும். பக்கத்தில் புதிய டைரக்டரியை உருவாக்கி, எல்லாம் நகர்ந்து முடிந்ததும் பழையதை நீக்கிவிட்டு, அதன் பெயரைப் புதியதற்குக் கொடுங்கள். அந்த நேரத்தில் கிளையன்டுகளில் பழைய டைரக்டரியைத் திறந்து வைத்திருக்கும் நிரல்களுக்கு ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ வரும் என்பதால், அவற்றை நிறுத்திவிட்டு மாற்றி, பிறகு தொடங்குங்கள்.